கழற்றிக் கொண்டுபோன கார்டு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பட்டறை முதலாளிகள். சூளகிரி தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"என் பட்டறையில வேலை பாக்கற முருகேசனுக்கு பிரஸ் மெஷின்ல விரல் போனப்ப, நான் நம்ம முதலாளிங்க சங்கத்துல பாதுகாப்பு பத்திப் பேசிட்டிருந்தேன்."

மற்றவர் திரும்பினார். "கை உள்ள போகாம தடுக்க அந்த மெஷினுக்கு இரும்புக் கார்டு இருந்துச்சேண்ணா?"

"இருந்துச்சு. நான்தான் கழட்டிட்டுப் போனேன்."

"எதுக்கு?"

"கூட்டத்துல காட்டத்தான். பாதுகாப்பு கமிட்டிக்கு வேற ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டான், நான் ஏத்துக்கிட்டேன். படம் காட்டினா எவன் பாக்கறான்? நேர்ல பாத்தாத்தான் புரியும்னு நெனச்சேன்."

"எத்தனை பேரு வந்தாங்க?"

"ஏழு பேரு. அதுல நாலு பேரு சாப்பாட்டுக்கு."

"அதுவரைக்கும் மெஷினை நிறுத்தி வைக்கச் சொல்லலயா?"

"எப்படிச் சொல்றது? சாயங்காலம் லோடு போகணுமே."

கண்டக்டர் இடித்துக்கொண்டு போனார்.

"இப்ப கார்டை மாட்டிட்டீங்களா?"

"மாட்டியாச்சு. அடுத்த மாசமும் நான்தான் பேசணுமாம். இந்தத் தடவை கார்டு வேணாம், முருகேசனைக் கூட்டிட்டு வாங்கங்கறாரு சங்கத் தலைவரு. அவன் கையை நேர்ல பாத்தா மெம்பருங்களுக்கு நல்லாப் புரியுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரின்னுட்டேன்."