வானுக்கு உயரமான கொட்டில்

கொடிகாமத்து வெங்காயக் கடையில் வேலை பறிபோய், கொக்குவில் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் புதிதாகக் கலியாணம் கட்டிய சோடி ஒன்று காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது.

“பெற்றோல் இல்லாத ஊரிலை வான் வண்டிக்குக் கொட்டிலோ?” என்றாள் அவள்.

“வெள்ளைக்காரன் வித்த வானெல்லே, உள்ளுக்குக் கட்டில் இருக்கு. வீடு முழுக்க இடம்பெயர்ந்த சனம். நாங்கள் எங்கை தனியக் கதைக்கிறது?”

“மெல்லக் கதையுங்கோப்பா!”

“வான் கூரை மேலை எழும்பும், கிளப்பினா உள்ளுக்கு நிமிந்து நிக்கலாம். கொட்டில் உயரமா வேணும்.”

“ஏன் உயரமெண்டு அம்மா கேட்டா?”

“வானுக்குக் காத்து வேணுமெண்டுவன்.”

“ஓம், அம்மா நம்பிடுவா!” அவள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாய்ந்தது.

“நாளைக்குக் குழி கிண்ட ஆள் பாக்கவேணும்.”

அவர்கள் நுழைந்த வளவைப் பார்த்து வைத்தேன். மறுநாள் காலை அந்த வேலையைக் கேட்டு எடுத்தேன். கிடந்த கப்பு மரங்களில் நெடியவற்றையே பொறுக்கி நட்டேன்.