வெல்டிங் சத்தம்

"என் குரலப் போயி வெல்டிங் பட்டறைன்னு சொல்லிட்டியே மச்சான்!"

2010 வாக்கில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், முன்சீட்டுக்காரர் இப்படிக் கத்தியதும் நான் நிமிர்ந்தேன். பக்கத்தில் அவர் மைத்துனர். இருவரும் வீட்டில் ரேடியோ வைத்து வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம்கள் என்பது ஆலப்பாக்கம் வருவதற்குள் புரிந்துவிட்டது.

"கரகரன்னுதான் மாமா கேட்டுச்சு. பக்கத்துல எவனோ வெல்டிங் அடிக்கிறான்னு நெனச்சேன்."

"அது டிஜிட்டல்டா! கம்ப்யூட்டர் என் பேச்ச நம்பரா மாத்தி அனுப்புது. உங்கிட்டயும் அதே புரோகிராம் ஓடுனாதான் பேச்சாக் கேக்கும். சிடி குடுத்தேனே, போட்டியா?"

"பொங்கல் கழிச்சுப் போடலாம்னு இருந்தேன்..."

"அதான் ஞாயித்துக்கெழம காத்தால, பேச வந்த அத்தன பேரையும் 'இங்க ஒரே எரைச்சல், வேற பிரீக்வென்சிக்குப் போவலாம் வாங்க'ன்னு ஓட்டிக்கிட்டுப் போயிட்ட!"

"டிஜிட்டல்ல வரப்போறேன்னு ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல மாமா?"

"போன்ல பேசறதுக்கா பரீச்ச எழுதி லைசென்ஸ் வாங்குனேன்?"

கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். மைத்துனர் குரலைத் தாழ்த்தி, "அப்படி என்னதான் மாமா பேசுனீங்க?" என்றார்.

"என்னத்தப் பேசறது? 'மச்சான், இந்தப் புதுசுல மொதமொதல்ல உன்னத்தான் கூப்புடுறேன், கேக்குதா'ன்னு கேட்டேன். நீங்க எல்லாரும் போன பெறவும் அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்."