வெளிமான் காட்டின் காவலர் மர்சலின் லூயிஸ் அம்மையாருக்கு விடைகொடுக்க மறுக்கும் மடல்

மயிலைக்கு வாய்த்த மாமணியே! முள்ளுக்கும் முறைப்புக்கும் முகம் கோணாது நடந்த முதல்வியே! வாயில்லா உயிர்களுக்கு வாயாய் வந்த வீரத்தாயே! வெளிமான் காட்டுத் தொண்டர் சங்கத்தின் கௌரவச் செயலாளர் அவர்களே! வணக்கம்.

தங்களுக்கு இன்று ஓய்வு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அம்மையீர், அந்த ஓய்வு தாங்கள் கேட்டதன்று. தேசியப் பூங்காவுக்கென்று புதிதாய் முளைத்த ஆலோசனைக் குழு நமது சங்கத்தின் பொறுப்புகளைத் தானே எடுத்துக்கொண்டது. தங்களுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி இடம் மறுத்தது. பிறகு மாலை வாங்கி வந்து மேடையில் அமர்ந்திருக்கிறது. பாராட்டு மடலை இனிமையாக எழுதும்படி எங்களிடம் சொன்னார்கள். எங்களிடம் உள்ள இனிமை தங்களுக்கு மட்டுமே போதும். மேடைக்குத் தர மிச்சமில்லை.

சாந்தோமில் பிறந்து, மயிலாப்பூர்ப் பெண்களுக்குப் பூகோளம் போதித்த பெருமாட்டியே! யுத்த காலத்தில் பட்டணத்துக்கு விறகு கிடைக்காமல் போனபோது, அடையாற்றுக்குத் தெற்கே இருந்த இந்தக் காட்டில் விழுந்து கிடக்கும் மரங்களை மட்டும் எடுக்கக் குத்தகை விட்டார்கள். குத்தகைதாரரின் கோடரிகளோ நின்ற மரங்களைத்தான் தேடின. ஞாயிறு பூசை முடிந்து அவ்வழியே நடந்த தாங்கள், வெட்டிய மரத்தடியில் கம்பிக் கண்ணியில் கால் சிக்கி இறந்து கிடந்த பெண்மானைக் கண்டீர்கள். அன்று மாலையே தியாகராய நகரில், இதை வாசிக்கும் என் ஜவுளிக்கடை மாடியில் சங்கம் பிறந்தது. பள்ளி ஆசிரியைகளும் கடைக்காரர்களும் ராயப்பேட்டை அமீனா பீயும் கூடினோம். கண்ணிகளை அறுத்தோம், கோடையில் குட்டையைத் தூர் வாரினோம், வேட்டையும் வெட்டும் இல்லாத தேசியப் பூங்காவாக இதை ஆக்குங்கள் என்று சர்க்கார் கச்சேரிதோறும் படியேறினோம். படியிறக்கியும் விடப்பட்டோம்.

ஒரு காலைப்பொழுதில் நடந்ததை இந்த அவை கேட்டே ஆகவேண்டும். பச்சை மரங்களை ஏற்றிய லாரியின் முன் தாங்கள் குடையை ஊன்றி நின்றீர்கள். ஓட்டுநர் அம்மாசி எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, வண்டி முன்னாடி வந்து நின்னுக்கினு கீறே? நவுரும்மா!" என்றார். "மரத்தை எறக்குங்க, நகர்றேன்," என்றீர்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த குத்தகைதாரர், "வண்டிய மேல ஏத்துடா!" என்று கத்தினார். அம்மாசி என்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தார். "நைனா, பொம்பளை நிக்கிறாங்க. என்னால ஆவாது. உன் வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம்." ஏற்றச் சொன்ன குத்தகைதாரரின் கையே பிறகு தங்களைப் பிடித்துப் பள்ளத்தில் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் தாங்கள் கிடந்த நாட்களில், தாங்கள் கால் இடறி விழுந்ததாகப் போலீஸார் எழுதினார்கள். அம்மாசி சாட்சி சொல்ல வந்தார், விரட்டினார்கள். மீண்டும் வந்தார், குடிகாரன் என்றார்கள். அவர் ஓயவில்லை, தாங்களும் ஓயவில்லை. கட்டிலில் படுத்தபடியே அதிகாரிகளை வரவழைத்து வாதாடினீர்கள். குத்தகை ரத்தாயிற்று. சுதந்திரம் வந்தபின் காடு தேசியப் பூங்கா ஆயிற்று. ஆனால் தள்ளிய கைக்கு இன்றுவரை தண்டனையில்லை!

தண்டனை கிடக்கட்டும், பதவி கிடைத்திருக்கிறது! காட்டைப் பற்றிய நெடிய அனுபவம் உள்ளவர் என்று அந்தக் குத்தகைதாரரைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். மேடையின் முன்வரிசையில் சந்தனம் பூசி அமர்ந்திருக்கும் ஐயா, தங்களைத்தான் சொல்கிறோம். எழுந்து போகவேண்டாம், இன்னும் இருக்கிறது. குழுவின் முதல் தீர்மானம் என்ன தெரியுமா, சபையோரே? மான்கள் குட்டி ஈனும் தெற்குப் புல்வெளியைப் பூங்காவிலிருந்து பிரித்து வீட்டுமனைகளாக்குவது. வெளியார் வெட்டினால் குற்றம், உள்ளே உட்கார்ந்து வெட்டினால் தீர்மானமா? வெட்கம்!

அஞ்சாமைக்கு அணிகலனே! தங்களைப் புகழ்ந்து எழுதியதை முதலில் தங்களிடமே வாசித்துக் காட்டினேன். "என்னைப் பத்தி அப்புறம் பேசலாம் அய்யாதுரை, தெற்கு வெளியை விட்டுடாதீங்க," என்றீர்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதினேன். ஆசிரியை சொல்லைத் தட்டும் துணிவு எனக்கில்லை.

ஆகவே, அன்பே உருவான அம்மையீர்! குழு தரும் பதவிகளை நாங்கள் ஏற்கவில்லை. சங்கத்தைக் கலைக்கவில்லை. தங்கள் செயலாளர் பொறுப்பை எவருக்கும் மாற்றவில்லை. எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கு நோயற்ற நெடுவாழ்வும், முறிந்த எலும்பில் வலியில்லாத மழைக்காலங்களும் அருள்வானாக!

நாளைக் காலை தெற்கு வெளியை அளக்கச் சங்கிலியோடு ஆட்கள் வருகிறார்கள். அங்கே நாங்கள் அனைவரும் நிற்போம். தாங்கள் வரவேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். தாங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால், தாங்கள் அமர ஒரு நாற்காலியை அம்மாசி கொண்டு வருகிறார்.

இங்ஙனம்,
வெளிமான் காட்டுத் தொண்டர் சங்கத்தார் அனைவருக்காகவும்
எழுதி வாசிக்கும் அய்யாதுரை
தியாகராய நகர், சென்னை, 1949