முழுசாக் கேளுங்க

பெனினா: இல்லீங்க ஐயா, அதைத் தொட்டா எழுத்துதான் பெருசாகும்.

பிலிமோனி: பெருசாக வேணாம்மா, மறையணும். இதுவரைக்கும் தேடுனதெல்லாம்... ஒண்ணுவிடாம.

பெனினா: போதகர் வேதாகம ஆப்ல தேடுனதை மறைக்கணுமா? நல்லாருக்கே!

பிலிமோனி: சிரிக்காத. நான் தேடுறது இந்த டேப்லெட்டோட நின்னுடுமா, இல்ல...

பெனினா: சபைக்கே ஒரு கணக்குதானே. ஞாயிறு பள்ளி டீச்சருங்க எங்க நாலு பேரு போன்லயும் தெரியும்.

பிலிமோனி: நாலு பேருக்குமா! ...கர்த்தாவே.

பெனினா: போன வாரம் 'சுருக்கமாப் பிரசங்கம் பண்றது எப்படி'ன்னு யாரோ கேட்டிருந்தாங்க. நீங்களா இருக்காதுன்னு விட்டுட்டோம்.

பிலிமோனி: விளையாடாதம்மா. தப்புப் பண்ணிட்டேன். ஒருத்தங்க என்கிட்ட அழுதுட்டே சொன்னதை... அதுக்குள்ள போட்டுட்டேன்.

பெனினா: எதுக்குள்ள?

பிலிமோனி: தேடுற கட்டத்துல. முன்னெல்லாம் 'ஆறுதல்'னு ஒரு வார்த்தை போடுவேன், வசனம் வரும். இப்ப ஏஐ வந்ததும் 'மனசுல உள்ளதை முழுசாக் கேளுங்க'ங்குது. ஆள்கிட்டப் பேசுற மாதிரி... கேட்டுட்டேன்.

பெனினா: என்னன்னு?

பிலிமோனி: அதை எதுக்கும்மா இப்ப...

பெனினா: சொன்னாத்தானே ஐயா அழிக்க முடியும்.

பிலிமோனி: 'மகன் நியூசிலாந்துல ஜெயில்ல இருக்கான். ஆப்பிள் தோட்டத்துல வேலைன்னு ஊர்ல சொல்லிட்டிருக்கிற தாய்க்கு என்ன வசனம்?'

பெனினா: பேரு?

பிலிமோனி: போடல. போடவே இல்ல.

பெனினா: நம்ம ஊர்லேருந்து ஆப்பிள் பறிக்கப் போனவங்க எத்தனை பேரு ஐயா?

பிலிமோனி: ...ஒருத்தன்.

பெனினா: ம்.

பிலிமோனி: உன் முகத்தைப் பாக்க முடியல பெனினா. நீ பாக்குறதுக்குள்ள அழிச்சிடலாம்னு... உன்னையே கூப்பிட்டேன் பாரு. இந்தச் சவாயித் தீவுல உன்னை விட்டா யாருக்கு இந்த டேப்லெட் வேலை தெரியும்? மன்னிப்புக் கேக்கத் தைரியமில்ல. அழிக்க மட்டும் தைரியம் வந்துச்சு.

பெனினா: நிமிருங்க ஐயா. நீங்க வசனம் தேடத்தானே...

பிலிமோனி: இனிமே யாரு என்கிட்ட மனசைத் திறப்பாங்க? அந்த மூணு டீச்சரும் பாத்திருப்பாங்களோ?

பெனினா: பாத்துட்டாங்க. உங்க கேள்விக்கு அடுத்து என்ன இருக்குன்னு படிச்சீங்களா?

பிலிமோனி: இல்லையே... வசனத்தை எடுத்துட்டு மூடிட்டேன்.

பெனினா: நான் புதன்கிழமையே படிச்சிட்டேன். உங்க மேல கோபமாத்தான் வந்துச்சு. அழிக்கலாம்னு விரலும் வச்சேன். கீழ யாரோ கேட்டிருந்தாங்க: 'தெரிஞ்சுபோச்சுன்னு காட்டிக்காம அந்தத் தாய்க்கு எப்படித் துணையா நிக்கிறது?' அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு அந்த மூணு டீச்சருங்க வீட்டுச் சாப்பாடும் வந்துச்சு. சேப்பங்கிழங்கு, மீனு, தேங்காப்பால்ல வெந்த கீரை... 'கூடுதலா சமைச்சிட்டோம்'னு மூணு பேரும் ஒரே பொய். என் மகனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வெக்கத்தோடதான் உக்காந்தேன் ஐயா. ஆனா அவன் உள்ள போனதுலேருந்து, அன்னைக்குத்தான் வயிறு நெறையச் சாப்பிட்டேன்.