வாரண்டியில் போன கல்யாணம்

எதை வாங்கினாலும் வாரண்டி அட்டையைப் பத்திரமாக எடுத்து வைப்பது என் பழக்கம். மிக்சியோ மின்விசிறியோ, பொடி எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளை முழுக்கப் படித்த பிறகுதான் பொருளைப் பெட்டியிலிருந்து எடுப்பேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் அந்தப் பழக்கம்தான் என் பெயரைக் காப்பாற்றியது.

மாவு மில் வீரய்யா டீக்கடையில் ஏதோ உளறிவிட்டார் என்று வீடியோக்காரர் சங்கத்திற்குக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். தலைவரே, நீங்களும் வீடியோ எடுக்கிறவர், நானும் எடுக்கிறவன். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது. முழுக்கக் கேட்ட பிறகு நீங்களே எனக்கு ஒரு சால்வை போட்டாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

திருக்கோகர்ணத்தில் வீரய்யாவின் மில்லுக்கு மேல் மாடியில் என் ஸ்டுடியோ. ‘பெலிக்ஸ் சினி விஷன்’ என்று போர்டு வைத்திருக்கிறேன். மற்றவர்கள் கல்யாணத்தைப் படம் பிடிக்கிறார்கள், நான் இயக்குகிறேன். வித்தியாசம் ஜனங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் மண்டபத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை.

விராலிமலைப் பக்கத்தில் சுடர்விழி என்ற பெண்ணின் கல்யாணம். அவளுடைய அப்பா நல்லதம்பி அண்ணன் குவைத்தில் டிரைவர். லீவு கிடைக்கவில்லை. முந்தின நாள் போனில் கூப்பிட்டார்.

“தம்பி, ட்ரோன் விடுங்க, பொகை விடுங்க, அது ஒங்க இஷ்டம். எம்மக கழுத்துல தாலி ஏறுறத மட்டும் தெளிவா எடுத்துருங்க. நான் பாக்கணும்.”

“அண்ணே, அதுதாண்ணே படத்தோட கிளைமாக்ஸ். எங்கிட்ட விட்டுருங்க” என்றேன்.

விட்டுவிட்டார்.

முகூர்த்த நேரத்தில் மேடையைச் சுற்றி ஒரே போன் மயம். ஆளாளுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பெண்ணின் தாய்மாமன் வேறு குவைத்துக்கு வீடியோ கால் போட்டுப் பிடித்திருந்தார். அதிலிருந்து நல்லதம்பி அண்ணன், “டேய், மொகத்தக் காட்டுடா, கொடத்தையே காட்டுற” என்று சத்தம் போடுகிறார். இத்தனைக்கும் நடுவே கலை எப்படி வரும். அத்தனை போனையும் கீழே இறக்கச் சொன்னேன். தாய்மாமனிடம், “அண்ணே, லைவ்ல பாத்துட்டா படத்துக்கு என்ன மரியாதை? கட் பண்ணுங்க” என்றேன். கட் பண்ணினார். நான் சொன்னால் மண்டபமே கேட்கும், தொப்பி அதற்குத்தான். இரண்டாவது கேமராமேனையும் ட்ரோன் விடச் சொல்லி வாசலுக்கு அனுப்பிவிட்டு, தாலி கட்டுவதை நான் ஒருவனே எடுத்தேன்.

எடுத்தேன் என்றுதான் நினைத்தேன். கெட்டிமேளம் கேட்பதற்குக் கொஞ்சம் முன்பே ரெக்கார்டு பட்டனை அமுக்கியிருக்கிறேன். மேளம் முழங்கியதும் உணர்ச்சிவசப்பட்டு இன்னொரு தடவை அமுக்கியிருக்கிறேன். எல்லாம் முடிந்து கேமராவை இறக்கும்போது நிறுத்துவதாக நினைத்து மூன்றாவது தடவை. சாயங்காலம் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிப் பார்த்தால், மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார். அடுத்த நொடி என் செருப்பும் ஒரு பாயச வாளியும். வெகுநேரம் ஓடுகிறது. வாளி நல்ல போகஸில் இருந்தது.

நான் பதறவில்லை. பட்டன் தப்பிவிட்டது என்று சொன்னால் பெலிக்ஸுக்குத் தொழில் தெரியவில்லை என்பார்கள். டிஸ்க் போய்விட்டது என்றால் அது விதி. யாரும் விதியிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதில்லை.

டிஸ்கின் வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தேன். கீழே போட்டால் வாரண்டி இல்லை. தண்ணீர் பட்டால் இல்லை. நெருப்பு, திறந்த தடயம், எதுவும் ஆகாது. மாவு மில்லைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

மறுநாள் லேப்டாப்பும் கேபிளுமாகக் கீழே இறங்கி, டிஸ்கை ஓடவிட்டபடியே மிளகாய் அரைக்கிற மிஷின் மேல் வைத்தேன். அந்த அதிர்வில் பக்கத்துச் சுவரே நடுங்கும்.

“என்ன தம்பி, இதையும் அரைக்கணுமா? நைசாவா, கொரகொரன்னா?” என்றார் வீரய்யா.

“சூடு ஆறட்டும்னு வச்சிருக்கேன்” என்றேன். தும்மிக்கொண்டே காத்திருந்தேன். மல்லி போட ஆரம்பித்தபோது டிஸ்க் டிக் டிக் என்று பல்லி மாதிரிச் சத்தம் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அதில் வேறு குடும்பங்களும் இருந்தன என்கிறீர்கள். இருந்தன. கட்டுமாவடி மரியசெல்வம் புதுப் படகைக் கடலில் இறக்கிய விழா இருந்தது. அந்தப் படகு இப்போது இல்லை. அதோடு போன அவர் தம்பியும் இல்லை. விழாவில் தம்பி பிரமாதமாக ஆடியிருந்தார், கேமராவுக்கென்றே அமைந்த முகம். இப்படி இன்னும் சிலருடையது. வேறு டிஸ்குக்கு மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மத்தியானம் போதும். அப்புறம் யோசித்தேன். எல்லாரையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கல்யாணத்தை மட்டும் டிஸ்க் விழுங்கியது என்றால் யார் நம்புவார்கள். எல்லாம் போனால் அது விபத்து. ஒன்று மட்டும் போனால் அது பெலிக்ஸ்.

டிஸ்கை வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு விராலிமலைக்குப் போனேன். பெண்ணின் அம்மா செவந்தி அக்கா என் முகத்தைப் பார்த்ததும் கலங்கிவிட்டார். டிஸ்க் போய்விட்டது என்றேன்.

“அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. மொதல்ல சாப்புடுங்க” என்று இலை போட்டார். ஆம்லெட்டும் உண்டு.

மாப்பிள்ளை ரகுநாத் மட்டும் கொஞ்சம் படித்த பிள்ளை. “அண்ணே, இத ரெக்கவரி பண்ணிரலாம்ணே. சென்னைல தெறந்து உள்ள இருக்கறத எடுத்துத் தாராங்க. செலவ நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

எனக்குப் பாயச வாளி கண் முன்னால் வந்தது.

“தெறந்தா வாரண்டி போயிரும் தம்பி” என்றேன்.

அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. செவந்தி அக்கா குறுக்கே வந்தார். “வாரண்டி போயிரும்னா வேணாம் மாப்ள. பாவம், நம்மளால அவருக்கு எதுக்கு நட்டம்.”

திருச்சி சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பழையதை அவர்கள் வைத்துக்கொள்வார்கள், உள்ளே இருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்று ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பூசையில் பாவமன்னிப்பு கிடைத்த மாதிரி இருந்தது. சில நாளில் புது டிஸ்க் வந்துவிட்டது.

இத்தோடு நான் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை; அதுதான் என் குணம். சுடர்விழியின் வளைகாப்புக்கு நல்லதம்பி அண்ணன் ஒருவழியாக லீவில் வந்தபோது நானே போய், “அண்ணே, தாலி கட்டுறத மட்டும் திரும்ப எடுத்துருவோம். அதே மண்டபம், அதே சேலை” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கழுத்தில் கிடப்பதைக் கழற்றக் கூடாது என்று செவந்தி அக்கா தயங்கினார். அதை ரவிக்கைக்குள் செருகச் சொல்லி, மேலே மஞ்சள் கட்டிய கயிறு ஒன்றை ஏற்பாடு செய்தேன். வயிறு தெரியாமல் கழுத்துவரைதான் பிரேம்.

அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு மேடையில் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கேதான் ஒரு சிக்கல்.

“அண்ணே, அன்னைக்கு நீங்க இல்லையே. இப்ப நின்னா கன்டினியூட்டி அடிவாங்கும்” என்றேன்.

“அப்பா நிக்கட்டும்ணே” என்றாள் சுடர்விழி.

“இல்லாத்தா, அவரு சொல்றதும் சரிதான். பாக்குறவங்க கேப்பாங்கள்ல” என்று அண்ணன் இறங்கிவிட்டார். கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மைக்கில் விழுந்தது. அதனால் வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். சொன்னபடி கேட்டார். நல்ல மனிதர். உள்ளே மேளம் முடிந்து கதவைத் திறந்தபோது, “ஆச்சா தம்பி?” என்று சிரித்தார்.

இந்தத் தடவை பட்டன் சரியாக இருந்தது. படம் பிரமாதமாக வந்திருக்கிறது. எடிட்டிங் இன்னும் முடியவில்லை. அவசரப்பட்டால் கலை வராது. அதற்குள் லீவு முடிந்து அவர் குவைத்துக்குப் போய்விட்டார்.

மில்லில் வைத்தது நான்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் மகள் கல்யாணத்தை ரெண்டு தடவையும் பார்க்காமல் போனார் என்றால் அது அவர் ராசி, தலைவரே. அதற்கு டைரக்டர் என்ன செய்வான்.