தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

என் கையெழுத்து அழகாக இருக்கும். நானே சொல்லிக்கொள்வது நன்றாக இல்லைதான். ஆனால் இது பெரிய டாக்டர் சொன்னது. யாருடைய கையெழுத்து என்று தெரியாமல் சொன்னார், அதனால் முகத்துக்காகச் சொன்னதாக இருக்காது. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூன்று பேரும் இந்தத் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கோடு போடாத தாள். எந்த வரியாவது கோணியிருக்கிறதா?

நான் ஆண்கள் அறுவை வார்டின் ஆயா. இருபத்து நான்கு வருஷமாகத் தரை துடைக்கிறேன், பெட்பேன் வைக்கிறேன், எடுக்கிறேன், கழுவுகிறேன். முப்பத்து நான்கு கட்டில். வாளியைத் தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. எழுத்து கற்றது ஐம்பத்தோராவது வயதில். கற்றுக்கொடுத்தவர் சின்ன சிஸ்டர். உங்கள் தீர்ப்பால் நர்ஸ் பதிவு பறிபோய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நான் செய்த ஒன்றை அவர் செய்ததாக எழுதிவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

டீ குடிக்கிற கால் மணி நேரத்தில் கற்றோம். காலி மருந்துப் பெட்டிகளைப் பிரித்தால் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதுதான் நோட்டுப் புத்தகம். "அக்கா, 'ழ' போடச் சொன்னா ஏன் பாம்பு போடறீங்க?" என்று சிரிப்பார். "பாம்பும் நெளியுது, இதுவும் நெளியுது, விடுங்க சிஸ்டர்" என்பேன். ஐந்து மாதத்தில் எழுத்துக் கூட்ட வந்துவிட்டது. அந்த நாட்களில் நான் நடந்தேனா மிதந்தேனா என்று எனக்கே தெரியாது. பஸ்ஸின் நெற்றியில் இருப்பதைப் படிப்பேன், பினாயில் டப்பாவைப் படிப்பேன், அவசர வழி என்று எழுதியிருந்தால் நின்று இரண்டு முறை படிப்பேன். பின்னால் வருகிறவர்கள் இடித்துவிட்டுப் போவார்கள். போகட்டும்.

நானாகப் படித்த முதல் முழு வாக்கியம் டியூட்டி மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தது. 'செய்ததை எழுது. எழுதாதது செய்யாததற்குச் சமம்.' பெரிய சிஸ்டர் ஒட்டியது. நர்ஸ்களுக்குச் சட்டமே அதுதானாம். மருந்து கொடுத்தேன் என்று வாயால் சொன்னால் கோர்ட்டில் செல்லாது, சார்ட்டில் இருக்க வேண்டும். இதைச் சின்ன சிஸ்டர் எனக்கு விளக்கியபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபத்து நான்கு வருஷம் நான் துடைத்த தரையை யாரும் எங்கும் எழுதவில்லை. அப்படியானால் நான் துடைக்கவே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கோபம் வரவில்லை. இவ்வளவு சுலபமான விஷயம் இவ்வளவு காலம் தெரியாமல் போயிற்றே என்றுதான் சிரிப்பு வந்தது.

சார்ட் என்பது கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டை. நான்கு மணிக்கொரு தடவை காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் எழுத வேண்டும். காய்ச்சலுக்கு மட்டும் கட்டம் போட்ட தாள். புள்ளி வைத்து, புள்ளியையும் புள்ளியையும் கோட்டால் சேர்க்க வேண்டும். முப்பத்து நான்கு பேருக்கு நர்ஸ் இரண்டு பேர். அதில் ஒருவர் எப்போதும் ஆபரேஷன் அறைக்கும் இங்கேயும் ஓடிக்கொண்டிருப்பார். மீதி எல்லாம் சின்ன சிஸ்டர் தலையில்.

ஒரு மதியம் அவர் கேட்டார். "அக்கா, ஒரு உதவி. நான் ஊசி போட்டு முடிக்கற வரைக்கும் நீங்க தெர்மாமீட்டர் வெச்சு, பி.பி. மெஷினை மாட்டி, வர்ற நம்பரை மட்டும் எழுதிடறீங்களா? நான் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"நான் எழுதலாமா சிஸ்டர்?"

"எழுதக் கூடாதுதான். இன்னிக்கு ஒரு நாள்."

அந்த ஒரு நாள் எட்டு மாதம் போயிற்று. முதல் வாரம் சரிபார்த்தார். இரண்டாவது வாரம் ஒன்றிரண்டு பார்த்தார். அப்புறம் காலையில் வந்ததும் எல்லாத் தாளிலும் முதலிலேயே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டு நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் நானும் எல்லாம் அளந்துதான் எழுதினேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆக வேண்டும்? பிறகு ஒரு நாள் மெஷின் பழுது. ரிப்பேருக்குப் போனது மூன்று நாள் வரவில்லை. சார்ட்டில் ரத்த அழுத்தத்துக்கான பெட்டிகள் எல்லாம் காலியாக இருந்தன. காலிப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும், பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். முந்தின நாள் நூற்று இருபது இருந்தவருக்கு இன்று மட்டும் என்ன குறையப்போகிறது என்று நூற்றுப் பதினெட்டு போட்டேன். அடுத்தவருக்கு நூற்று இருபத்து நான்கு. ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அந்த வாரமே நன்றாகி வீட்டுக்குப் போனார்கள்.

அப்புறம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சும்மா கைக்கு வந்ததைப் போடுவது என் வழக்கமில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பேன். பயந்த சுபாவக்காரருக்கு நாடி எண்பத்து நான்கு, சாப்பிட்டுத் தூங்குகிறவருக்கு எழுபது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் சிலருக்கு ஒரு நாள் லேசாகக் காய்ச்சல் கொடுத்து மறுநாள் நானே இறக்கிவிடுவேன். காய்ச்சல் இறங்கும்போது மனசு பஞ்சு மாதிரி ஆகிவிடும். டாக்டர்களுக்கும் இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது. காலை பத்து மணிக்குள் மாலை ஆறு வரைக்கும் உள்ள பெட்டிகளை நிரப்பிவிட்டால் மதியம் எனக்கு ஓய்வு. எழுத்துப் பழகுவேன்.

அந்த மாதம்தான் பெரிய டாக்டர் எங்கள் சார்ட்டைக் கையில் தூக்கிக் காட்டி, "மத்த வார்டுக்காரங்க வந்து பாருங்க. ஒரு பெட்டி காலி இல்ல. கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். வார்டுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது, கண்ணாடி போட்டு மாட்டினார்கள். அந்தக் கண்ணாடியை நான்தான் தினமும் துடைப்பேன். துடைக்கிற சாக்கில் படிப்பேன். வாளியைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறையாக நடப்பேன். மற்ற ஆயாக்கள், "என்னடி, இந்த வயசுல மாப்பிள்ளை கிடைச்ச மாதிரி இளிக்கற?" என்று கேட்டார்கள். ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்றேன்.

இனிக் கண்டக்டர் விஷயம். நீங்கள் விசாரித்தது அவரைப் பற்றித்தானே.

பதினோராம் கட்டில். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஹெர்னியா ஆபரேஷன். நல்ல மனுஷர், வார்டையே பஸ் ஆக்கிவிட்டார். வீட்டுக்குப் போகிறவர்களை "எறங்கற ஆள் எறங்கு, படியில நிக்காதே" என்று வழியனுப்புவார். நான் பேனாவோடு வருவதைப் பார்த்து எனக்குச் செக்கரம்மா என்று பேர் வைத்தார். "செக்கரம்மா, என் டிக்கெட் செல்லுமா?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும் செல்லும் அண்ணே" என்பேன்.

அவருக்கு ஒரு கோடு வந்தது பாருங்கள், அந்த மாதிரிக் கோடு எனக்கு அதற்கு முன்னால் அமைந்ததில்லை. தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. முதல் நாளிலிருந்து மூன்றாம் நாள் வரைக்கும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு. மற்றவர்களுக்கு மேடு பள்ளம் கொடுத்த நான் இவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவ்வளவு சாந்தமாக இருந்தது, கெடுக்க மனசு வரவில்லை.

மூன்றாம் நாள், "குளிருது செக்கரம்மா, பல்லு தந்தி அடிக்குது" என்றார். இரண்டு கம்பளி போர்த்தினேன். கட்டுப் போட்ட இடத்தில் வாடை வந்தது. இருபத்து நான்கு வருஷம் வார்டில் இருப்பவளுக்கு அந்த வாடை என்ன என்று தெரியாமல் போகாது. அவர் கட்டிலைச் சுற்றி மட்டும் பினாயிலைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுத் துடைத்தேன்.

மதியம் அவர் மனைவி வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "ஏம்மா, உடம்பு கொதிக்குதே. டாக்டரைக் கூப்பிடுங்களேன்."

"கொதிக்கலம்மா. கையில தெரியறது வேற, கணக்கு வேற. இதோ பாருங்க, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்து இழுத்துக் காட்டினேன். "எங்கயாவது ஏறுதா?"

"ஏறல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும். நான்தான் பயந்துட்டேன்."

எனக்கு அவர்மேல் அவ்வளவு பாசம் பொங்கியது. ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தானே இருந்தேன். எழுத்துக் கற்றுத் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். மாலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சார்ட்டைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்க்கவில்லை, அடுத்த கட்டிலுக்குப் போனார். கண்டக்டர் அவர் முதுகைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி, "ஹோல்டான்" என்றார். குரல் எழும்பவில்லை. வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நான் சிரித்தேன்.

மறுநாள் மதியம் மூன்று நாற்பதுக்கு அவர் இறந்துபோனார். புண் சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஓடி வந்த டாக்டர் இறந்த நேரத்தை எழுதச் சார்ட்டை எடுத்தார். எடுத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சார்ட்டைப் பார்த்தார். அதில் மாலை ஆறு மணிக்குக் கண்டக்டருக்குக் காய்ச்சல் இல்லை, நாடி எழுபத்தாறு, மூச்சு சீராக இருந்தது.

சின்ன சிஸ்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அப்புறம் என்னைத் துணி வைக்கும் அறைக்குக் கூட்டிப் போனார். "அக்கா, ஒரு தடவையாவது அளந்தீங்களா?"

"எழுதினேனே சிஸ்டர்."

அவர் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். அளக்கற வேலையை உங்ககிட்டக் குடுத்தது நான். பேனா யார் கையில இருந்தாலும் கையெழுத்துப் போட்டவதான் பதில் சொல்லணும். சட்டமும் அதுதான், எனக்கும் அதுதான் சரின்னு படுது" என்றார். என் கையைப் பிடித்திருந்தார்.

ஆகவே நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் என்னைக் கூப்பிட்டு விசாரித்ததும் நினைவிருக்கும். உங்கள் கிளார்க் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமலே மைப் பெட்டியைத் தள்ளினார். 'எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சார்ட் பற்றி ஒன்றும் அறியேன்' என்று அவரே எழுதி வைத்திருந்ததைத் தலைகீழாகவே நான் படித்துவிட்டேன். கட்டை விரலை அமுக்கினேன். சின்ன சிஸ்டர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் உங்கள் தீர்ப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதிகாலையில் தரை துடைக்க வந்த நான்தான் முதலில் படித்தேன். நர்ஸ் பதிவு ரத்து என்று இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே, 'மேற்படி நர்ஸ் தன் கைப்படவே, மிகுந்த நேர்த்தியுடன், பொய்யான பதிவுகளை எழுதியுள்ளார்' என்று இருந்தது. மிகுந்த நேர்த்தியுடன். நான் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு மூன்று முறை படித்தேன். சின்ன சிஸ்டருக்கு அந்த நேர்த்தி வராது ஐயா. அவருடைய ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கும். வேண்டுமானால் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே எழுதுகிறேன். அந்த எண்கள் என்னுடையவை. அந்தக் கோடு என்னுடையது. கண்டக்டர் குளிருகிறது என்று சொன்னது எனக்குக் கேட்டது, வாடையும் தெரிந்தது, ஆறு மணியை நான் காலையிலேயே எழுதினேன். ஒன்பதாம் கட்டிலில் இருந்தவருக்கும் இருபத்திரண்டாம் கட்டிலில் இருந்தவருக்கும்கூடக் கோடு நன்றாகத்தான் வந்திருந்தது. அவர்கள் போனது கண்டக்டருக்கு முன்னால். ஆனால் நீங்கள் கொடுக்கும் வாக்குமூலப் படிவத்தில் இறந்தவர் ஒருவர் பெயருக்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள்.

படிவத்தைக் கிளார்க்கிடம் நானே கேட்டு வாங்கினேன். "யாருக்கும்மா?" என்றார். எனக்குத்தான் என்றேன், சிரித்தார். எல்லாப் பெட்டியையும் நிரப்பியிருக்கிறேன். பெயர் என்ற இடம் நீளமாக இருந்ததால் இரண்டு முறை எழுதினேன். வயது, தொழில், சம்பவம் நடந்த நேரம் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி, 'செய்ததற்கு வருந்துகிறீரா?' என்று. அதன் முன்னால் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலியாக விட மனசு வரவில்லை. 'ஆம்' என்று போட்டிருக்கிறேன்.