சவுனாவுக்குக் கட்டம் இல்லாத தாள்

பெயர்: வெர்னா ஸ்டார்கோவிச். வயது: 57. முகவரி: மூன்றாவது தெரு, சிஷோம், மினசோட்டா மாநிலம். தொழில்: வீட்டுப் பராமரிப்புப் பணி. பதிவு செய்த இடம்: ஆர்வோ நீமெலா என்பவரின் சமையலறை. பதிவு செய்தவர்: விசாரணை அதிகாரி திருமதி ப்ரூயிட்.

நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். எண்பத்து மூன்று வயதான ஆர்வோவுக்குப் பதினான்கு மாதங்களாக, ஞாயிறு தவிர எல்லா நாளும் வந்து பணிவிடை செய்கிறேன். இவர் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையும் வலது காலும் இவர் பேச்சைக் கேட்பதில்லை. இவரும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

தினமும் வேலை முடிந்ததும் நான் ஒரு தாள் நிரப்ப வேண்டும். பல் துலக்குதல், உடை மாற்றுதல், குளியல் என்று கட்டங்கள் இருக்கும். உதவி இல்லையென்றால் பூஜ்யம், முழுக்க நானே செய்திருந்தால் மூன்று. குளியலுக்கு இரண்டே கட்டம்: தொட்டி, ஷவர். ஆர்வோ இரண்டிலும் குளிப்பதில்லை. இவர் ஃபின்லாந்துக்காரரின் பிள்ளை. கொல்லையில் இவர் அப்பா கட்டிய சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் அங்கே கல் சூடேறியதும் அரை மணி நேரம் ஆவியில் உட்காருவார், அதன் பிறகு வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றி நான் தேய்த்துவிடுவேன்.

நடக்காததை நடந்ததாக எழுதாதே என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆகவே தொட்டிக்கும் பூஜ்யம் போட்டேன், ஷவருக்கும் பூஜ்யம் போட்டேன். பதினான்கு மாதமும் அப்படியே போட்டேன். ஓரத்தில் ஒரு வரி எழுதி வைக்கலாம் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

சென்ற மாதம் அந்தத் தாள்கள் போய்ச் சேரும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓராண்டுக்கும் மேலாகக் குளிக்காத முதியவர், இவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்று விசாரிக்க வருகிறோம் என்று அதில் இருந்தது. ஆர்வோ அன்று காபியைத் தொடவில்லை. "அந்தச் சவுனாவுலதான் எங்கம்மா என்னைப் பெத்தா" என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நான் நடந்ததைச் சொல்லி, சவுனாவைத் திறந்து பெஞ்சு, வாளி, சோப்பு எல்லாம் காட்டினேன். அதன் பிறகு அவர் சமையலறையில் உட்கார்ந்து, "உங்களுக்கு இவங்க உதவி வேணுமா, இல்ல நீங்களே குளிச்சுப்பீங்களா?" என்று ஆர்வோவைக் கேட்டார். டாக்டர் கேட்டாலும் போதகர் கேட்டாலும் "எல்லாம் நானே பாத்துக்குவேன்" என்பதுதான் இவர் பதில். போன குளிர்காலத்தில் பனியில் விழுந்து கிடந்தபோது தூக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "சும்மா வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன், போய்யா" என்றவர். இங்கேயும் அப்படிச் சொல்லியிருந்தால் என் வேலை நேரத்தை வெட்டியிருப்பார்கள். நான் வராவிட்டால் இந்த வீட்டில் இவரால் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆர்வோ மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நிமிராமலே, "எழுதிக்கோங்க அம்மணி. படியேத்தி விடுறது இவ. துணிய உருவுறது இவ. முதுகு, இடுப்பு, தொடை, இன்னும் சொல்ல முடியாத இடமெல்லாம் தேய்ச்சு விடுறது இவதான்" என்றார். பிறகு, "இதச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா அங்க உள்ள ஒரு நாளும் வெக்கப்பட்டதில்ல" என்றார்.

"அட, சும்மா இருங்க கிழவரே" என்று சொல்லிவிட்டு, கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்து நான் மறுபடியும் கழுவினேன். அழுதேன் என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதன் பிறகு அதிகாரி, தாளில் ஷவருக்குக் கீழே தன் பேனாவால் ஒரு கட்டம் போட்டு சவுனா என்று எழுதினார். ஆர்வோ வீட்டிலேயே இருக்கலாம், என் வேலை நேரமும் குறையாது என்று சொன்னார்.

இவ்வளவும் நான் கண்ணால் பார்த்ததும் கையால் செய்ததும். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. கூட இருந்து கேட்ட ஆர்வோ மட்டும் ஒன்று விட்டுப்போயிற்று என்கிறார்: "சவுனா அடுப்புக்கு விறகு வெச்சுப் பத்த வைக்கிறது நான். அதையும் எழுதச் சொல்லு."

இடது கையால். அதுவும் உண்மை.

(ஒப்பம்) வெர்னா ஸ்டார்கோவிச்